வைரஸ்டோட்டல்: எக்ஸ்போர்ட் ஆபீஸ் மெயிலுக்கு எவ்வளவு தூரம் நம்பலாம்?

திருப்பூரில் சில பனியன் எக்ஸ்போர்ட் அலுவலகங்களுக்குக் கம்ப்யூட்டர் பராமரிப்பு பார்க்கிறேன். வேலையில் பாதி பிரிண்டரோடு போய்விடும். மீதியில் பெரும்பங்கு மெயில். "அக்கா, இந்த ஃபைலைத் தொறக்கலாமுங்களா?" என்று யாராவது ஒரு மெர்ச்சண்டைசர், அதாவது பையரிடம் (வாங்கும் நிறுவனத்திடம்) ஆர்டர் வேலையைப் பார்க்கும் ஊழியர், கேட்காத நாள் குறைவு. அதற்குப் பதில் சொல்ல நான் முதலில் திறப்பது வைரஸ்டோட்டல். பல வருடமாகப் பயன்படுத்துகிறேன், இதுவரை ஒரு ரூபாய் கொடுத்ததில்லை. இலவசமாக வாங்கிக்கொண்டு குறை சொல்லலாமா என்றால், சொல்லலாம். தெரியாமல் பயன்படுத்தினால் இதனாலேயே தொல்லை வரும்.

முதலில் இது என்ன என்று பார்த்துவிடுவோம். சந்தேகமான ஃபைலையோ இணைய முகவரியையோ கொடுத்தால், 70-க்கும் மேற்பட்ட ஆன்டிவைரஸ் எஞ்சின்களிடம் காட்டி, எது என்ன சொன்னது என்று ஒரே பக்கத்தில் போட்டுத் தரும். ஸ்பெயினின் மலாகா நகரில் ஹிஸ்பாசெக் என்ற நிறுவனம் 2004-இல் ஆரம்பித்தது. 2012-இல் கூகுள் வாங்கிக்கொண்டது. கணக்கு தொடங்க வேண்டாம், எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம். பிரவுசர் போதும்.

எக்ஸ்போர்ட் அலுவலகத்துக்கு இது ஏன் தேவை? நமக்கு வரும் மெயில்களின் தலைப்பைப் பாருங்கள். திருத்திய பி.ஓ. (பர்ச்சேஸ் ஆர்டர்), புது ஆர்டர் விசாரணை, ஷிப்பிங் டாக்குமெண்ட்ஸ், பேலன்ஸ் பேமெண்டின் ஸ்விஃப்ட் காப்பி (பணம் அனுப்பியதற்கான வங்கிச் சான்று). உண்மையான மெயிலுக்கும் இதே தலைப்புதான், கள்ள மெயிலுக்கும் இதே தலைப்புதான். மாசக் கணக்கில் பணத்துக்காகக் காத்திருக்கும் அக்கவுண்ட்ஸ்காரரிடம் ஸ்விஃப்ட் காப்பி என்று ஒன்றை நீட்டினால் அவர் திறக்காமல் இருப்பாரா? தெரியாதவர் அனுப்பும் ஃபைலைத் திறக்காதே என்று வகுப்பு எடுப்பவர்கள் ஒருநாள் வந்து மெர்ச்சண்டைசர் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கட்டும். தெரியாதவர் அனுப்பும் ஃபைலைத் திறப்பதுதான் அங்கே வேலையே. புது பையர் என்றாலே முன்பின் தெரியாதவர்தானே.

இந்த மெயில்களோடு வருவதில் மோசமானது ரிமோட் ஆக்சஸ் ட்ரோஜன், சுருக்கமாக ராட். இது ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டு மிரட்டாது. திறந்தவுடன் ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும். அதிகபட்சம் ஒரு வெற்று ஷீட்டோ மங்கலான இன்வாய்ஸ் படமோ வரும். பின்னால் அது தன் நகல் ஒன்றை யூசர் ஃபோல்டரில் கண்ணில் படாத இடத்தில் போட்டு, விண்டோஸ் ஒவ்வொரு முறை ஆன் ஆகும்போதும் தானும் கிளம்புவதற்கு விண்டோஸின் அமைப்புப் பட்டியலான ரெஜிஸ்ட்ரியிலோ டாஸ்க் ஷெட்யூலரிலோ பதிந்துகொள்ளும். பிறகு வெளியே இருக்கும் தன் எஜமானின் சர்வரை அதுவே கூப்பிடும். உள்ளிருந்து வெளியே போகும் இணைப்பு என்பதால் சாதாரண ரவுட்டர் தடுக்காது. அங்கிருந்து அவன் திரையைப் பார்க்கலாம், தட்டச்சு செய்வதைப் படிக்கலாம், ஃபைல்களை எடுக்கலாம், கேமராவைக்கூட இயக்கலாம். எக்ஸ்போர்ட் அலுவலகத்தில் அவனுக்கு வேண்டியது பெரும்பாலும் மெயில் பாஸ்வேர்ட். பையரோடு நடக்கும் பேச்சைப் பொறுமையாகப் படித்துக்கொண்டிருப்பான். இன்வாய்ஸ் போகும் நேரத்தில் வங்கிக் கணக்கு மாறிவிட்டது என்று நம் பெயரில் பையருக்கு ஒரு மெயில் போகும். பணம் வேறு நாட்டுக்குப் போய்விடும்.

இதற்குப் பெரிய நிபுணத்துவம் வேண்டும் என்று நினைக்க வேண்டாம். இம்மினன்ட் மானிட்டர் என்ற ராட்டை 2019-இல் ஆஸ்திரேலியப் போலீஸ் தலைமையில் பல நாடுகள் சேர்ந்து முடக்கியபோது, 124 நாடுகளில் 14,500 பேருக்கு மேல் அதை வாங்கியிருந்தது தெரிந்தது. விலை 25 டாலரிலிருந்து. நம் ஊரில் ஒரு நல்ல போலோ டி-ஷர்ட்டின் எஃப்ஓபி (கப்பலேற்றும் வரையான) விலையோடு ஒப்பிட்டால் சில பீஸ்களின் காசு.

சரி, வைரஸ்டோட்டலுக்கு வருவோம். புதிதாக வருபவர்கள் எல்லோரும் செய்வது, முகப்பில் இருக்கும் பெரிய பொத்தானை அழுத்தி ஃபைலை அப்லோட் செய்வது. அதைச் செய்யாதீர்கள். முதல் வேலையாக அது வேண்டாம். அங்கே போட்ட ஃபைல் உங்களுக்கும் அவர்களுக்கும் மட்டும் தெரிந்த ரகசியம் அல்ல. ஆன்டிவைரஸ் நிறுவனங்களுக்குப் போகும். காசு கட்டும் சந்தாதாரர்கள் தேடி எடுத்து இறக்கிக்கொள்ளலாம். அவர்களே நிபந்தனைகளில் தெளிவாக எழுதியும் வைத்திருக்கிறார்கள், படிப்பவர்கள்தான் இல்லை. பையரின் டெக் பேக்கை (ஆடையின் அளவு, துணி, டிசைன் விவரம் உள்ள ஃபைல்) அங்கே போடுவது, அதைப் பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் ஒட்டிவிட்டு வருவது மாதிரி. அந்த டெக் பேக்குக்கு ரகசியக் காப்பு ஒப்பந்தம் போட்டுக் கையெழுத்துக் கொடுத்திருப்பார் முதலாளி. நான் பார்க்கும் ஓர் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் நல்ல எண்ணத்தில் வருகிற அட்டாச்மெண்ட் எல்லாவற்றையும் அங்கே போட்டுக்கொண்டிருந்தான், அடுத்த சீசன் காஸ்டிங் ஷீட் உட்பட. "ஸ்கேன் பண்ணித்தானுங்க்கா தொறந்தேன்" என்றான் பெருமையாக. திட்டவும் மனம் வரவில்லை.

செய்ய வேண்டியது தேடல். ஃபைலைத் திறக்காமல் கம்ப்யூட்டரில் சேமியுங்கள். 7-ஸிப் என்ற ஃபைல் சுருக்கும் புரோகிராம் இருந்தால், சேமித்த ஃபைலின் மேல் ரைட் கிளிக் செய்து, சிஆர்சி எஸ்எச்ஏ என்ற மெனுவில் எஸ்எச்ஏ-256 என்பதைத் தேர்ந்தெடுங்கள். 64 எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு நீள வரி வரும். அது அந்த ஃபைலின் கைரேகை. உள்ளே ஓர் எழுத்து மாறினாலும் இந்த வரி மொத்தமாக மாறிவிடும். அந்த வரியை மட்டும் வைரஸ்டோட்டலின் தேடல் பெட்டியில் ஒட்டுங்கள். ஃபைல் உங்களிடமே இருக்கும். உலகில் வேறு யாராவது அதே ஃபைலை ஏற்கெனவே கொடுத்திருந்தால் முழு ரிப்போர்ட்டும் வந்துவிடும்.

இந்த இடத்தில்தான் சேவை ஜொலிக்கிறது. ஓர் உதாரணம் சொல்கிறேன். திருத்திய பி.ஓ. என்று ஒரு ரார் ஃபைல் (ஸிப் மாதிரி சுருக்கியது) வந்தது. உள்ளே பிடிஎஃப் ஐகானோடு ஒரே ஒரு ஃபைல். விண்டோஸ் எக்ஸ்டென்ஷனை, அதாவது ஃபைல் பெயரின் கடைசி ஒட்டை, மறைத்துவைக்கும் பழக்கம் உள்ளது என்பதால், பெயர் பிடிஎஃப் என்று முடிகிற மாதிரி தெரியும். அதற்குப் பின்னால் இன்னொரு எக்ஸ்டென்ஷன், இஎக்ஸ்இ. அதாவது அது ஓடக்கூடிய புரோகிராம். கைரேகையைப் போட்டுத் தேடியதும் பக்கம் முழுக்கச் சிவப்பு. பல எஞ்சின்கள் ரெம்கோஸ் என்று அந்த ராட்டின் பெயரையே சொல்லிவிட்டன. ஆனால் சிவப்பைவிட எனக்குப் பிடித்தது டீடெய்ல்ஸ் என்ற பகுதி. அதே ஃபைலை வேறு என்னென்ன பெயரில் மற்றவர்கள் கொடுத்திருக்கிறார்கள் என்று அங்கே பட்டியல் இருக்கும். துருக்கி மொழியில் ஒரு பெயர், ஸ்பானிஷில் ஒன்று, ஆங்கிலத்தில் ஸ்விஃப்ட் காப்பி, இன்னொன்றில் கொட்டேஷன். நம் மெர்ச்சண்டைசரிடம் அந்தப் பட்டியலைக் காட்டினேன். "எல்லாருக்கும் ஒரே பி.ஓ.வாங்க?" என்று சிரித்துவிட்டார். எந்தப் பயிற்சி வகுப்பும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லிக்கொடுக்காது.

அடுத்து பிஹேவியர் பகுதி. ஃபைலைத் தனி இயந்திரத்தில் ஓடவிட்டு அது என்ன செய்தது என்று எழுதியிருப்பார்கள். ஆங்கிலமும் டெக்னிகல் பெயர்களுமாக இருக்கும், முதலில் மிரட்டும். நான் பார்ப்பது மூன்றே விஷயம்: எந்த முகவரியைக் கூப்பிட்டது, எந்த ஃபைலை எங்கே போட்டது, எந்த புரோகிராமைக் கிளப்பியது. ஒரு முறை ஒரு நூல் விலைப் பட்டியலின் ரிப்போர்ட்டில், எக்செல் ஷீட் திறந்ததும் ஈக்வேஷன் எடிட்டர் கிளம்பியதாக இருந்தது. கணித சமன்பாடு எழுதும் பழைய கருவி அது. நூல் விலைப் பட்டியலில் சமன்பாட்டுக்கு என்ன வேலை? அந்தக் கருவியில் 17 வருடமாக இருந்த ஓர் ஓட்டையை மைக்ரோசாஃப்ட் 2017 நவம்பரில்தான் அடைத்தது. 2018 ஜனவரியில் கருவியையே எடுத்துவிட்டது. அதற்குப் பிறகும் ராட் அனுப்புகிறவர்கள் அதையே நம்பி ஷீட் தயாரித்துக்கொண்டிருந்தார்கள் என்றால், அப்டேட் போகாத திருட்டு ஆஃபீஸ் எத்தனை மேசைகளில் இருக்கிறது என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். நம் ஊர் முதலாளிமார் கொஞ்சம் கவனிக்கவும்.

ஆஃபீஸ் ஃபைலுக்குள் ஓடும் சின்ன புரோகிராமான மேக்ரோவின் வழியையும் மைக்ரோசாஃப்ட் 2022-இல் பெருமளவு அடைத்தது, இணையத்திலிருந்து வரும் ஃபைலில் மேக்ரோ ஓடாதபடி. உடனே ஐஎஸ்ஓ (டிஸ்க் நகல் ஃபைல்), ஷார்ட்கட், 2023 தொடக்கத்தில் ஒன்நோட் ஃபைல் என்று வழி மாறியது. இதில் எதைக் கொடுத்தாலும் வைரஸ்டோட்டல் வாங்கிக்கொள்கிறது, அது நல்ல விஷயம்.

இனி முக்கியமான குறை. மேலே சொன்னதெல்லாம் ஆயிரம் பேருக்கு ஒரே ஃபைலை வீசும் ஆட்களுக்கு. உங்களை மட்டும் குறிவைத்து, உங்கள் பையரின் பெயர், ஸ்டைல் நம்பர் எல்லாம் தெரிந்து, உங்களுக்கென்றே ஒரு ஃபைல் தயாரித்தால்? அந்தக் கைரேகையை உலகில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். தேடினால் எதுவும் கிடைக்கவில்லை என்று வரும். சரி என்று அப்லோட் செய்தாலும் முதல் சில மணி நேரம் எல்லா எஞ்சினும் பச்சை காட்டலாம், ஏனென்றால் அனுப்பியவனும் எஞ்சின்களை ஏமாற்றும்படி மேலுறை மாற்றித்தான் அனுப்பியிருப்பான். அதைவிட, கவனமான ஆட்கள் தங்கள் ஃபைலின் கைரேகை வைரஸ்டோட்டலில் தென்படுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பார்கள். நீங்கள் போட்ட நிமிடம், மாட்டிக்கொண்டோம் என்று அவனுக்குத் தெரிந்துவிடும்.

இந்தச் சேவையின் பலமும் பலவீனமும் ஒன்றாகத் தெரியும் கதை ஒன்று உண்டு. 2011 மார்ச்சில் அமெரிக்காவின் ஆர்எஸ்ஏ நிறுவனத்துக்குள் ஆட்கள் புகுந்தார்கள். வங்கிகளும் ராணுவத் தளவாட நிறுவனங்களும் லாகின் செய்யப் பயன்படுத்தும் செக்யூர்ஐடி டோக்கன்களைச் செய்யும் நிறுவனம் அது. புகுந்த வழி ஒரு மெயில். வேலைவாய்ப்புத் தளம் ஒன்றிலிருந்து வந்த மாதிரி, 2011 ஆளெடுப்புத் திட்டம் என்ற தலைப்பில், இணைப்பைத் திறந்து பார்க்கச் சொல்லி ஒரே ஒரு வரி. அப்போதைய தாய் நிறுவனமான இஎம்சியின் ஊழியர் ஒருவருக்கு அனுப்பி, இன்னும் மூன்று பேருக்கு நகல். ஆர்எஸ்ஏ சொன்னபடி, மெயில் ஜங்க் ஃபோல்டருக்குத்தான் போனது. ஒருவர் அங்கிருந்து எடுத்துத் திறந்தார். உள்ளே வெற்று எக்செல் ஷீட். அதில் பதித்துவைத்த ஃப்ளாஷ் (இணையத்தில் அசைபடம் காட்டப் பயன்பட்ட மென்பொருள்) துண்டு ஒன்று, அப்போது அடைக்கப்படாத ஓட்டை வழியாக பாய்சன் ஐவி என்ற ராட்டை இறக்கியது. பிறகு விசாரணை, டோக்கன்களை மாற்றித்தருவது என்று நிலைமையைச் சரிசெய்ய இஎம்சிக்கு 6.6 கோடி டாலர் அளவுக்குச் செலவானது.

அந்த ஃபைலைப் பாதுகாப்பு நிறுவனங்கள் மாதக் கணக்கில் தேடின. ஃபின்லாந்தின் எஃப்-செக்யூரில் டிமோ ஹிர்வோனன் என்ற ஆய்வாளர், ஃபைல்களுக்குள் ஃப்ளாஷ் துண்டு இருக்கிறதா என்று அலசும் ஒரு கருவியை எழுதித் தங்கள் சேகரிப்பில் ஓடவிட்டார். ஆகஸ்டில் ஒன்று சிக்கியது. அது எக்செல் அல்ல, அவுட்லுக் மெயில் ஃபைல். அசல் கடிதமே, அட்டாச்மெண்ட்டோடு. மார்ச் 19-ஆம் தேதி யாரோ, அநேகமாக அந்த நிறுவன ஊழியரே, அதை வைரஸ்டோட்டலில் போட்டிருக்கிறார். விதிப்படி அது எல்லா ஆன்டிவைரஸ் நிறுவனங்களுக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது. ஆக, எல்லோரிடமும் இருந்தது. இருப்பது யாருக்கும் தெரியவில்லை, ஐந்து மாதம். அமெரிக்காவின் பெரிய ரகசியங்களில் ஒன்று அவ்வளவு நாள் ஒரு பொதுக் குவியலில் கிடந்திருக்கிறது. உங்கள் டெக் பேக்கும் அதே குவியலில்தான் போய் விழும்.

இது பழைய கதை என்று ஒதுக்க முடியாது. 2023 ஜூனில் வைரஸ்டோட்டலின் சொந்த ஊழியர் ஒருவரே, காசு கட்டும் வாடிக்கையாளர்களின் விவரம் உள்ள ஒரு பட்டியலைத் தெரியாமல் அதே தளத்தில் ஏற்றிவிட்டார். ஏறத்தாழ 5,600 பெயர்கள். அமெரிக்க, ஜெர்மன் உளவு அமைப்புகளின் ஆட்கள் உட்பட. ஒரு மணி நேரத்துக்குள் நீக்கிவிட்டோம் என்று சொல்லி மன்னிப்புக் கேட்டார்கள். கடைக்காரருக்கே கை தவறும் இடத்தில் காஸ்டிங் ஷீட்டைப் போட்ட நம் பையனை எப்படிக் குறை சொல்வது?

எண்ணிக்கையைப் படிப்பதிலும் பக்குவம் வேண்டும். 70-இல் 40 சிவப்பு என்றால் பேச்சே இல்லை, டெலிட். 70-இல் 2 என்றால் யோசிக்க வேண்டும். இங்கே உள்ளூரில் எழுதிய லேபிள் பிரிண்டிங் சாஃப்ட்வேர்களுக்கு எப்போதும் இரண்டு மூன்று எஞ்சின் கத்தும். ஆபத்து ஒன்றும் இருக்காது, டிஜிட்டல் கையெழுத்து இல்லாத சின்ன புரோகிராம் என்பதால் வரும் சத்தம் அது. கத்துவது பெயர் தெரிந்த எஞ்சினா, கேள்விப்படாததா என்று பாருங்கள். பொதுவாகச் சந்தேகம் என்கிறதா, குறிப்பாக ஒரு ராட்டின் பெயரைச் சொல்கிறதா என்றும் பாருங்கள். 70-இல் 0 என்றால் இதுவரை யாருக்கும் தெரியவில்லை என்று மட்டும் அர்த்தம். அதை நற்சான்றிதழாக எடுத்துக்கொண்டு திறந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அங்கே ஓடுவதும் உங்கள் மெஷினில் இருக்கும் ஆன்டிவைரஸும் அப்படியே ஒன்றல்ல. ஃபைல் ஓடும்போது நடத்தையைக் கவனிக்கும் வேலை அங்குள்ள பதிப்புகளில் பெரும்பாலும் கிடையாது. அதனால் இது விண்டோஸோடு வரும் டிஃபெண்டருக்கோ வேறு ஆன்டிவைரஸுக்கோ மாற்று அல்ல.

பாஸ்வேர்ட் போட்ட ஸிப்பை அப்படியே கொடுத்தால் உள்ளே பார்க்க முடியாது, பச்சை வந்தால் மயங்க வேண்டாம். பாஸ்வேர்டை மெயிலிலேயே எழுதி அனுப்புகிறார்கள் என்றால் அது யாரிடமிருந்து ஒளிக்க என்று யோசியுங்கள். உங்களிடமிருந்து இல்லை, ஸ்கேனரிடமிருந்து.

லிங்க் சோதனை எனக்குத் திருப்தி இல்லை. இப்போது பாதி மெயிலில் அட்டாச்மெண்ட்டே இல்லை, ஏதாவது பெரிய கிளவுட் டிரைவ் லிங்க்தான். அந்த முகவரி நல்ல முகவரி என்பதால் எல்லா எஞ்சினும் பச்சை சொல்லும். அதன் பின்னால் இருக்கும் ஃபைல் என்னவென்று அந்தப் பச்சை சொல்லாது. ஆனால் டொமைன் பெயரை (மெயில் முகவரியில் @-க்குப் பின் வரும் பகுதி) தேடும் வசதி அருமை. பையரின் டொமைனில் ஆங்கில 'எம்' எழுத்துக்குப் பதில் 'ஆர்', 'என்' என்ற இரண்டு எழுத்துகளை ஒட்டிவைத்து ஒரு மெயில் வந்தபோது, போன வாரம்தான் அந்த டொமைன் பதிவானது என்று அங்கே தெரிந்தது. இருபது வருட பையர் போன வாரம் பிறந்திருக்க முடியாதே. கைரேகைத் தேடலில் எதுவும் கிடைக்காத ஃபைலுக்கு நான் செய்வது இதைத்தான்: முதலில் டொமைன் வயது, அப்புறம் பையரின் பழைய நம்பருக்கு ஒரு ஃபோன். மெயிலின் கீழே போட்டிருக்கும் நம்பருக்கு இல்லை, நம் டைரியில் இருக்கும் நம்பருக்கு. பணம் ஏற்கெனவே மாறிப் போயிருந்தால் வைரஸ்டோட்டலில் நேரத்தைக் கழிக்காமல் வங்கிக்கும் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கும் உடனே கூப்பிடுங்கள்.

எனிரன் மாதிரி வேறு சேவைகளும் உண்டு. ஃபைல் ஓடுவதைப் படம் பார்ப்பது போலப் பார்க்கலாம். கற்றுக்கொள்ள நன்றாக இருக்கும். அதிலும் இலவசக் கணக்கில் போடுவது எல்லாம் பொதுவில்தான் இருக்கும். வைரஸ்டோட்டலில் ஃபைலைப் பகிராமல் சோதிக்கும் வசதி காசு கட்டுகிறவர்களுக்கு மட்டும், அதுவும் பெரிய நிறுவனங்களுக்கான விலை. நாற்பது மெஷின் அலுவலகத்துக்குக் கட்டுப்படியாகாது, வாங்கச் சொல்லவும் மாட்டேன்.

என் மார்க்: கைரேகைத் தேடலுக்கு 5-க்கு 5, பிஹேவியர் ரிப்போர்ட்டுக்கு 4, லிங்க் சோதனைக்கு 2. அலுவலகத்தில் எல்லோருக்கும் இதை புக்மார்க் செய்து கொடுப்பதாக இருந்தால், முகப்புப் பக்கத்தை வைக்காதீர்கள். அதில் ஃபைல், யூஆர்எல், சர்ச் என்று மூன்று டேப் இருக்கும். சர்ச் டேபை அழுத்திவிட்டு அந்தப் பக்கத்தை புக்மார்க் செய்யுங்கள். திறந்தவுடன் அப்லோட் பொத்தான் கண்ணில் படாது.